லேயில் 31 வாரக் கர்ப்பம், குழந்தை சிறியதாக இருக்கிறது: இடத்தின் உயரம்தான் காரணமா?

மதுரையிலிருந்து லடாக்கின் லேவுக்குப் போன மனைவிக்கு 31 வாரம், ஸ்கேனில் குழந்தை இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது, ஹீமோகுளோபின் 12, இதற்கு அந்த இடத்தின் உயரம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். உயரம் காரணமாக இருக்கலாம். ஆனால் "இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது" என்று சொன்ன ஒரே ஸ்கேனை வைத்துப் பழியை முழுக்க அதன் தலையில் போட்டுவிடாதீர்கள்.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கர்ப்பத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தம் பல மடங்கு கூட வேண்டும். சமவெளியிலிருந்து போனவர்களுக்கு அது அந்த அளவு கூடுவதில்லை. அதனால் கடைசி மூன்று மாதத்தில்தான் வளர்ச்சி மந்தமாகும். அமெரிக்காவின் கொலராடோவில் பார்த்த கணக்குப்படி, 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 100 கிராம் பிறப்பு எடை குறைகிறது. தலைமுறைகளாக மலையில் வாழும் திபெத்தியர்களுக்கு இந்தப் பாதிப்பு கம்மி. உங்கள் மனைவி மதுரைக்காரர், அந்தச் சலுகை அவருக்குக் கிடையாது.

முதலில் மூன்றாம் மாத ஸ்கேனை எடுத்துத் தேதிக் கணக்கு சரியா என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் இரண்டு வாரம் கழித்து, தொப்புள்கொடி ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளரோடு இன்னொரு ஸ்கேன். ஒரு அளவைவிட இரண்டுக்கும் இடையே வளர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

ஹீமோகுளோபின் 12 என்று நிம்மதி அடையாதீர்கள். அந்த உயரத்தில் சுமார் 2 முதல் 2.5 வரை கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: மலையில் கர்ப்பகால ரத்த அழுத்தமும் அதிகம் வரும். தலைவலி, கண் மங்கல், குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரி. கீழே இறங்குவதா என்பதை டாப்ளர் பார்த்த டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இறங்கினாலும் விட்ட எடை முழுதும் திரும்பும் என்று உறுதியில்லை.