குடும்ப எஸ்யூவிக்கு எந்த என்ஜின் ஆயில் ஊற்றுவது, எப்போது மாற்றுவது?

கேட்கப்பட்ட கேள்வி: "பிஎஸ்6 டீசல் எஸ்யூவி வைத்திருக்கிறேன். சர்வீஸ் சென்டரில் ஒன்று சொல்கிறார்கள், ஆயில் கடையில் வேறொன்று சொல்கிறார்கள். எந்த ஆயில் நல்லது? 10,000 கிலோமீட்டர் வரை தாங்குமா?"

முதலில் நேரான பதில். வண்டியோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில், ஆயில் பற்றிய அட்டவணையில் இரண்டு விஷயம் போட்டிருப்பார்கள். ஒன்று ஆயிலின் கெட்டித்தன்மை, இன்னொன்று அதன் தரக் குறியீடு. உங்களுடையதைப் போன்ற பிஎஸ்6 (புகை மாசைக் கட்டுப்படுத்தும் இந்திய விதி) டீசலுக்குப் பெரும்பாலும் கெட்டித்தன்மை 5டபிள்யூ-30 என்றும் (முதல் எண் குளிரில், இரண்டாவது எண் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்வது), தரம் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் கம்பெனிகளின் சங்கம்) சி2 அல்லது சி3 என்றும் இருக்கும். சில கம்பெனிகள் 0டபிள்யூ-30 கேட்கும். உங்கள் மேனுவலில் என்ன இருக்கிறதோ அது இரண்டும் கேனின் பின்பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருந்தால் போதும், பெயர் பெற்ற எந்தக் கம்பெனி ஆயிலையும் தைரியமாக ஊற்றலாம். கடைக்காரர்களும் நண்பர்களும் எந்த பிராண்ட் என்றுதான் மணிக்கணக்கில் பேசுவார்கள். தரக் குறியீட்டைக் கேட்பவர்கள் குறைவு.

10,000 தாங்குமா என்பதற்கு மட்டும் இப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. அதை எங்கள் வண்டியிலேயே நான் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் கோயம்புத்தூரில் வடவள்ளிப் பக்கம் இருக்கிறோம். ஒன்றரை லிட்டர் டீசல், ஐந்து பேர் உட்காரும் எஸ்யூவி. நான் வேலைக்கு பைக்கில் போய்விடுவேன். வண்டியைப் பெரும்பாலும் ஓட்டுவது என் மனைவி. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவார், மாலையில் கூட்டி வருவார். ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டர். நாளுக்கு நான்கு நடை. மாதத்தில் ஒருமுறை கோயிலோ கல்யாணமோ வந்தால்தான் நெடுஞ்சாலையைப் பார்க்கும்.

ஒருநாள் அவர் சொன்னார், வண்டியை நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் முன்னால் ஃபேன் பலமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏதோ கருகின மாதிரி மணம் வருகிறது என்று. மைலேஜும் குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்துத்தான் பார்த்தேன். முழு அளவைக் காட்டும் எஃப் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருந்தது. கடைசி ஆயில் சேஞ்ச் முடிந்து ஏழு மாதம், 3,400 கிலோமீட்டர். நடுவில் யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். "அதிகமா இருந்தா நல்லதுதான் சார், அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்" என்றார் அட்வைசர். மனம் ஒப்பவில்லை. அப்பாவின் அம்பாசடர் காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். அவர் டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒரு தினத்தாள் துண்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டு டீ சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் நடுவில் கறுப்பு வட்டம் நின்றது, அதைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் ஒன்று அகலமாகப் படர்ந்திருந்தது.

"டீசல் கலந்திருக்குதுங்க. வண்டி தினம் எத்தனை தூரம் ஓடுது?"

"பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும்தான்ணா."

"அதானுங்க. அது ஃபில்டரை எரிக்க ஆரம்பிக்குற நேரம் பார்த்து நீங்க சாவியைத் திருப்பிடறீங்க."

அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பிஎஸ்6 டீசல் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 கட்டாயமானது. அதன் பிறகு வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரிப்புகை அதில் சிக்கி நிற்கும். கொஞ்சம் சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை ஏறத்தாழ 600 டிகிரி சூட்டில் எரித்து வாயுவாக வெளியேற்றிவிடும். அந்தச் சூட்டை உண்டாக்க, வழக்கமான நேரம் தாண்டி சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறார்கள். தெளித்ததில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயிலோடு சேர்ந்துவிடும். பதினைந்து இருபது நிமிடம் வண்டி சீராக ஓடினால் எரிப்பு ஒரே மூச்சில் முடியும், கலப்பது சொற்பம். பாதியில் நிறுத்தினால் அடுத்த நடையில் மறுபடி முதலிலிருந்து தெளிக்கும். மறுபடி நிறுத்துவோம். இப்படியே ஆயில் லெவல் ஏறும். ஃபேன் ஓடியதும் கருகல் மணமும் பாதியில் நின்றுபோன அந்த எரிப்பின் அடையாளங்கள்தான்.

ஒரு நீண்ட பயணம் போனால் அந்த டீசல் ஆவியாகிவிடாதா என்று நானும் கேட்டேன். பெட்ரோல் என்றால் பெருமளவு போய்விடும். டீசல் கொதிக்கவே ஏறத்தாழ 180 முதல் 360 டிகிரி வரை வேண்டும், ஆயிலோ 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கலந்தது கலந்ததுதான். 30 கிரேடு ஆயில் மெல்ல 20 போல நீர்த்துவிடும். பேரிங்குகளுக்கு நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலியும். லெவல் அதிகமாக ஏறினால் என்ஜினின் அடியில் சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரைக்குப் பிரஷர் நிற்காது. "அதிகமா இருந்தா நல்லதுதான்" என்பது எவ்வளவு தவறான பேச்சு என்று அன்றுதான் புரிந்தது. ஆயிலும் ஃபில்டரும் அன்றே மாற்றினோம்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: மேனுவலில் '10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது' என்று இருந்தால், அதற்குப் பக்கத்திலேயே கடினப் பயன்பாட்டுக்கு என்று இன்னொரு அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய தூரம், நின்று நின்று போகும் டிராஃபிக், தூசி, மலைப்பாதை, ஏசி போட்டபடி நீண்ட நேரம் நிற்பது எல்லாம் அதில் வரும். நம் ஊர்களில் குடும்ப வண்டி ஓடும் விதம் முழுக்க அதுதான். நாங்கள் இப்போது 5,000-லேயே மாற்றுகிறோம், 5,000 ஓடாவிட்டாலும் எட்டு மாதத்தில் மாற்றுகிறோம். உங்கள் வண்டி வாரத்துக்கு இருமுறை சேலமோ மதுரையோ போய் வருகிறது என்றால் 10,000 தாராளமாகத் தாங்கும், வீணாகச் செலவழிக்க வேண்டாம்.

இனி சி2, சி3 ஏன் என்பது. கரிப்புகையை டிபிஎஃப் எரித்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. ஆயிலில் அழுக்கைக் கழுவவும் அமிலத்தை முறிக்கவும் கால்சியம், மெக்னீசியம் சேர்மங்கள் சேர்ப்பார்கள். என்ஜினில் சிறிது சிறிதாக எரியும் ஆயிலோடு அவையும் எரிந்து, உலோகச் சாம்பலாக வடிகட்டியில் போய் நிரந்தரமாகத் தங்கிவிடும். சி3 தரத்தில் இந்தச் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லாரிகளுக்கென்று வரும் சிஐ-4 வகை ஆயில்களில் இதைவிட அதிகம் இருக்கும். அவை மோசமான ஆயில்கள் கிடையாது, டிபிஎஃப் இல்லாத வண்டிக்காகச் செய்தவை. கடையில் "டீசலுக்கு டீசல் ஆயில், விலையும் பாதி" என்று அதை எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். டிபிஎஃப் அடைத்துப் புதிதாக மாற்ற நேர்ந்தால் ஆகும் பணத்தில் பல வருடத்துக்கு நல்ல ஆயில் ஊற்றலாம். உங்கள் உறவினரிடம் பழைய பிஎஸ்4 டீசல் இருந்தால் அதற்கு வேறு கணக்கு, அதன் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் எஸ்யூவிக்காரர்களுக்கு ஒரு வரி: பெரும்பாலும் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30, தரம் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) எஸ்பி. 2020-இல் வந்த இந்த எஸ்பி தரம், டர்போ பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும் கோளாறையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்துச் சோதிக்கிறது.

கெட்டித்தன்மை பற்றி ஒரு வாதம் அடிக்கடி வரும். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்துக்கானது, நம் வெயிலுக்கு 5டபிள்யூ எதற்கு, கெட்டியாக 15டபிள்யூ-40 ஊற்றுங்கள் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆயிலைப் பொறுத்தவரை மே மாதத்துக் காலை 30 டிகிரியும் குளிர்தான். சாதாரண 15டபிள்யூ-40 ஆயிலின் கெட்டித்தன்மை 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்குக்கு (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) மேல் இருக்கும், 100 டிகிரியில் அதே ஆயில் பதினான்கு பதினைந்துக்கு இறங்கிவிடும். என்ஜின் எதிர்பார்ப்பது அந்தச் சூடான கெட்டித்தன்மையைத்தான். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் ஆயில் மேலே கேம்ஷாஃப்ட் வரை, டர்போவின் பேரிங் வரை போய்ச் சேர வேண்டும். அந்த டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் எங்கள் வண்டிக்கு நாளின் நான்கு நடையும் இந்த முதல் நிமிடங்கள்தான். வெயில் எவ்வளவு அடித்தாலும் ஓடும் என்ஜினின் சூட்டைக் கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் கட்டுக்குள் வைத்திருக்கும். வேலூர் வெயிலுக்கென்று தனி ஆயில் வேண்டியதில்லை. மேனுவலே உங்கள் பகுதியின் வெப்பத்துக்கு வேறு கிரேடும் போடலாம் என்று அனுமதித்தால் அது வேறு.

மாற்றும் நாளில் கூடவே நில்லுங்கள், இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கேனின் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். டிரம்மிலிருந்து குழாயில் ஊற்றும் சர்வீஸ் சென்டர் என்றால், அந்த டிரம்மில் இருப்பது எந்த கிரேடு, எந்தத் தரம் என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள், வாரன்ட்டிக்கும் அது உதவும். பழைய ஆயிலைக் கொஞ்சம் சூடான என்ஜினில், சமதரையில் நிறுத்தி வடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். டிரெயின் போல்ட்டின் வாஷர் சின்னப் பொருள்தான், ஒவ்வொரு முறையும் புதிது போடச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒருமுறை பழைய வாஷரோடு முடுக்கியதில் வீட்டு வாசலில் ஒரு வாரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டர் கட்டாயம் மாற்ற வேண்டும், அதன் ரப்பர் வளையத்தில் புது ஆயிலைத் தடவிப் பொருத்த வேண்டும். சொன்ன அளவை அப்படியே கவிழ்க்காமல் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றினால் தவறே வராது. டிப்ஸ்டிக்கில் குறைந்த அளவைக் காட்டும் எல் கோட்டுக்கும் எஃப் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும். வீட்டிலேயே செய்ய நினைத்தால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

காலி கேன் முக்கியம். நல்ல கேன்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கிக் கலப்பட ஆயில் நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டு, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். பழைய ஆயில் அரசு விதிகளின்படி அபாயக் கழிவு. சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றக் கூடாது, ஒர்க் ஷாப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

என்ஜின் ஃப்ளஷ், கூடுதல் சக்தி தரும் கலவை என்று சர்வீஸ் எஸ்டிமேட்டில் சேர்த்திருந்தால் நான் அடித்துவிடச் சொல்வேன், நல்ல ஆயிலில் தேவையானது ஏற்கெனவே இருக்கிறது. மாற்றிய சில நாளில் டீசல் ஆயில் கறுத்துவிட்டதே என்றும் கவலைப்படாதீர்கள். கரியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. நிறத்தை விட்டுவிட்டு லெவலையும் மணத்தையும் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் மாறிவிட்டது. வாரம் ஒருநாள் நெடுஞ்சாலையில் அவிநாசி வரை போய் அவிநாசியப்பரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். எண்பதில் சீராக முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஓடும்போது எரிப்பு நடப்பதுபோல் தெரிந்தால், வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் என் மனைவி நிறுத்தாமல் மருதமலை ரோட்டில் இன்னொரு சுற்றுப் போய்விட்டு வருவார். கிளவ் பாக்ஸில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருக்கிறோம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரே டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து எனக்குச் சொல்கிறார். கடைசியாகப் பார்த்தது போன சனிக்கிழமை: மாற்றி 2,900 கிலோமீட்டர், ஆயில் எஃப் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது, டீசல் மணம் இல்லை.