சிங்கியை விட்டுவிடாதே, மகளே

கேள்வி: தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் போய் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். கருத்தரங்கில் ஆண்டாளையும் குற்றாலக் குறவஞ்சி நாடகத்து வசந்தவல்லியையும் ஒப்பிட்டுக் கட்டுரை வாசிக்க வேண்டும். “எல்லாம் ஜீவாத்மா பரமாத்மாதான், அப்படியே எழுதி முடித்துவிடு” என்கிறார் பேராசிரியர். “ஆசை, மோகம் என்று நாலு பேர் முன்னால் பேசுவாயா?” என்று அம்மா சங்கடப்படுகிறார். எனக்கும் கூச்சமாக இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: அன்பு மகளே, பேராசிரியர் சொல்வது தவறில்லை; ஏங்கும் பெண்ணை இறைவனைத் தேடும் உயிராகப் படிப்பதுண்டு. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரே பராங்குச நாயகி என்னும் பெண்ணாக நின்று ஏங்கியவர். ஆனால் எல்லாப் பெண்களையும் ஜீவாத்மா என்று எழுதிவிட்டால், ஒப்பிடுவதற்கு என்ன மிஞ்சும்? யார், யாரிடம், எதைக் கேட்கிறாள் என்று பார்.

நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களும் ஒரு பெண்ணே பாடியவை. “மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன் கண்டாய் மன்மதனே” என்று மன்மதனிடமே சொல்கிறாள் ஆண்டாள். பேச்சு எழுந்தாலே உயிரோடு இருக்க மாட்டாளாம். இதைக் கெஞ்சல் என்று என்னால் படிக்க முடியவில்லை.

வசந்தவல்லியைப் பாடியவர் ஓர் ஆண், உங்கள் பக்கத்து மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டுக்காரர். பந்தடித்து நின்றவள் சிவனாகிய குற்றாலநாதரின் பவனியைக் கண்டு மயங்குகிறாள். மாலை வாங்கிவரச் சகியைத் தூது அனுப்புகிறாள். நிலவோடு வழக்காடுகிறாள்: “பெண்ணுடன் பிறந்ததுண்டே வெண்ணிலாவே”. பாற்கடலில் திருமகளோடு பிறந்தாயே, ஒரு பெண் படும் பாடு உனக்குத் தெரியாதா என்று கேட்கிறாள். ஆண் எழுதிய வரிதான். ஆனாலும் என் நெஞ்சை விட்டுப் போகாத வரி.

இந்த இருவரோடு நிறுத்திவிடாதே. அதே நூலில் குறத்தி சிங்கி இருக்கிறாள். ஊர் ஊராய் நடந்து குறி சொல்லி, பெற்ற நகைகளை உடம்பெல்லாம் பூட்டிக்கொண்டவள். அவளைத் தேடி அலைந்து கண்டுபிடித்த கணவன் சிங்கன் மிரள்கிறான். காலுக்கு மேலே பெரிய விரியன் கடித்துக் கிடப்பது ஏன் என்கிறான். “சேலத்து நாட்டிற் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு கிடக்குதடா சிங்கா” என்கிறாள். ஒவ்வொரு நகைக்கும் ஓர் ஊர், ஒரு சம்பாத்தியம். வசந்தவல்லியின் ஆசை தூது போய்த் திரும்பும் வரை காத்துக் கிடக்கிறது. சிங்கியோ தன் காலால் நடந்து, தன் வாயால் சம்பாதிக்கிறாள். அவளை எந்த ஜீவாத்மாவில் அடக்குவது? இதைப் பேராசிரியரிடமே பணிவாகக் கேள். பாட்டு வரிகளை எழுதி எடுத்துக்கொண்டு போ.

நான் தமிழாசிரியையாக இருந்தபோது, வகுப்பை இரண்டாகப் பிரித்து இந்தச் சிங்கன் சிங்கி உரையாடலைப் படிக்கவைப்பேன். சொல்லப் பயமாக இருக்கிறது என்பான் சிங்கன். “ஆர்க்கும் பயமில்லைத் தோணின காரியம் அஞ்சாமற் சொல்லடா சிங்கா” என்பாள் அவள். ஒரு வருடம், கேட்டாலும் வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பெண் அந்த வரியைப் படித்த சத்தம் பக்கத்து வகுப்புக்கே கேட்டது.

ஆசை என்று எழுதக் கூச்சமாக இருந்தால் வேட்கை என்று எழுது. “வேட்கை ஒருதலை உள்ளுதல் மெலிதல்” என்று தொல்காப்பியக் களவியலே அந்தச் சொல்லை முதலில் வைத்துத்தான் காதலின் நிலைகளை எண்ணத் தொடங்குகிறது. கருத்தரங்குக்கு முந்தின நாள் இரவு, சமையல் வேலை முடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். சிங்கன் வரிகளை அவர் படிக்கட்டும். சிங்கியாக நீ பதில் சொல்.