தோட்டத்து நாய்க்குத் தடுப்பூசி: கையில் காசு குறைவென்றால் எதை முதலில் போடுவது?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. இரண்டு கறவை மாடும் பதினைந்து செம்மறி ஆடும் இருக்கின்றன. பட்டிக் காவலுக்கு நான்கு வயதுப் பெட்டை நாய் ஒன்று, கூடவே அதன் குட்டி. குட்டிக்கு இரண்டரை மாதம் ஆகிறது. தாய்க்கு இதுவரை ஓர் ஊசிகூடப் போட்டதில்லை. டவுனில் ஒரு கிளினிக்கில் விசாரித்தபோது இரண்டுக்கும் சேர்த்து நீளமான பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தொகையில் மாட்டுக்குத் தீவனமே வாங்கிவிடலாம் போல இருக்கிறது. இதில் எதை விடலாம்? வெறிநோய் ஊசி மட்டும் போட்டால் போதாதா? ஆட்டுக்கு ஊசி போட்டுப் பழகிய எங்கள் வீட்டுக்காரர், மருந்துக் கடையில் வாங்கி நாய்க்கும் அவரே போட்டுவிடலாமா?

பதில்: அம்மா, வணக்கம். மழையை நம்பியிருக்கும் குடும்பத்தில் நாய்க்கென்று பணம் எடுத்து வைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். காசில்லை என்று சும்மா இருந்துவிடாமல் கேட்டீர்களே, அதுவே நல்லது. கிளினிக் பட்டியல் முழுவதையும் போட வேண்டியதில்லை. எதை எந்த வயதில் போடுகிறோம் என்று பார்த்துச் செய்தால், பாதிச் செலவில் முக்கால்வாசிப் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

முதலில் வெறிநோய். இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். அறிகுறி தெரிந்துவிட்டால் நாயானாலும் மாடானாலும் மனிதரானாலும் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. உங்கள் பகுதியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடிப்பது புதிதல்ல. காவல் நாய்தான் முதலில் எதிர்த்து நிற்கும், முதல் கடியும் அதற்குத்தான் விழும். கடிபட்ட நாய்க்கு நோய் வந்தால் அடுத்து மாடு, ஆடு, பிறகு வீட்டுப் பிள்ளைகள்.

மாட்டுக்கு வெறிநோய் வந்தால் எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. தீவனம் எடுக்காது, எச்சில் நூலாக ஒழுகும், குரல் கம்மி விட்டுவிட்டுக் கத்தும். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று நினைத்து மாட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் துழாவுவார். விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும், எச்சில் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அப்படிச் செய்தவர்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். வெறிநாய் கடித்த மாட்டைக் காப்பாற்ற அன்றைக்கே தொடங்கி 3, 7, 14, 28-ஆம் நாட்களிலும் ஊசி போட வேண்டும். ஒரு மாட்டுக்கே ஐந்து ஊசி. நாய்க்கோ வருடத்துக்கு ஒன்று போதும்.

இந்த ஊசிக்குப் பெரும்பாலும் காசும் ஆகாது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். இருப்பு இருக்கும் காலத்தில் இலவசமாகவே போடுவார்கள். ஊருக்கு வரும் கால்நடை சுகாதார முகாம்களுக்கு நாயையும் ஓட்டிக்கொண்டு போங்கள். மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்து நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த இரண்டு நாட்களை ஒட்டியும் பல இடங்களில் இலவச முகாம் நடக்கும். உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான், அங்கேயும் விசாரித்து வையுங்கள்.

முகாம் வரவில்லையா? கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்தில் பல முறை சபை கூடுகிறது. 'எங்கள் ஊரில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவும் அமையாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. வெறிநோய் ஊசி ஒரு டோஸ் குப்பியாக மட்டுமல்ல, பத்து டோஸ் குப்பியாகவும் கிடைக்கிறது. அக்கம்பக்கத் தோட்டங்களில் எட்டு பத்து நாய்களைச் சேர்த்து ஒரே நாளில் மருத்துவரை வரவழைத்தால் மருந்துச் செலவும் குறையும், அவர் வந்து போகும் செலவும் பங்காகிவிடும். அக்கம்பக்கத்து நாய்க்கும் ஊசி போட்டிருந்தால் உங்கள் பட்டிக்கும் அது பாதுகாப்பு.

குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் நிறைந்ததும் வெறிநோய் ஊசி போடலாம். தாய்க்கு இந்த வாரமே ஒன்று. அதன் பிறகு வருடா வருடம் அதே மாதத்தில். உங்கள் பகுதியில் வெறிநோய் அதிகம் என்று மருத்துவர் சொன்னால், முதல் வருடம் மட்டும் மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து கூட்டுத் தடுப்பூசி, அதாவது பல நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுவது. உங்கள் பட்டியலில் தொகையை ஏற்றுவது இதுதான். அரசு மருந்தகத்தில் இது பெரும்பாலும் இருக்காது, வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கும். கடையில் 'ஐந்து', 'ஏழு', 'ஒன்பது' என்று எண்ணைச் சொல்லி விற்பார்கள். எத்தனை வகைக் கிருமிக்கு எதிரானது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது, எண் கூடினால் மருந்து உசத்தி என்று அர்த்தமில்லை. உங்கள் நாய்க்கு வேண்டியவை நான்கு: டிஸ்டெம்பர் (காய்ச்சலில் தொடங்கி மூளை வரை தாக்கும் நோய்), பார்வோ (ரத்தமாகக் கழிய வைக்கும் குடல் நோய்), நாய்களின் கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல். நாய்க்கு வரும் கொரோனா வேறு, மனிதருக்கு வந்தது வேறு. அந்த நாய்க் கொரோனா தடுப்பூசியை உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கமே பரிந்துரைப்பதில்லை, தாராளமாக விட்டுவிடலாம். நாய்களை மொத்தமாக அடைத்து வைக்கும் விடுதிகளில் பரவும் இருமலுக்கான ஊசியும் தோட்டத்து நாய்க்குத் தேவைப்படாது.

எலிக்காய்ச்சலை மட்டும் சேர்த்தே கேளுங்கள். வயல், தண்ணீர்த் தொட்டி, தீவன அறை என்று எலி நடமாடும் இடங்களில்தான் உங்கள் நாய் படுக்கிறது. நோய் கண்ட நாயின் சிறுநீர் வழியாக அந்தக் கிருமி மாட்டுக்கும் மனிதருக்கும் போகும். மாட்டுக்குக் கன்று வீசுவதற்கும் அது ஒரு காரணம். டவுனில் மாடி வீட்டில் வளரும் நாயைவிட உங்கள் நாய்க்குத்தான் இது அவசியம்.

இனி வயது. பலர் பணத்தை வீணாக்குவது இங்கேதான். குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது சில வாரம் குட்டியைக் காக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் போடும் தடுப்பூசியையும் அது செயலிழக்கச் செய்துவிடும். இந்தச் சக்தி எட்டாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தீரலாம், குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். நம் ஆட்கள் நாற்பத்தைந்தாம் நாளில் ஆவலாக ஒன்று போடுவார்கள், அடுத்தது போடக் காசு இருக்காது, விட்டுவிடுவார்கள். ஐந்தாவது மாதம் குட்டி ரத்தமாகக் கழிந்து செத்துப்போகும். 'ஊசி போட்டும் பிரயோஜனமில்லை' என்று மனம் வெறுத்துப் போகிறார்கள். ஊசியில் குறையில்லை. கடைசி ஊசி போடாததுதான் குறை.

எனவே உங்கள் குட்டிக்கு இப்படிச் செய்யுங்கள். மூன்று கூட்டு ஊசிக்குப் பணம் புரளுமென்றால் இப்போது ஒன்று, பதின்மூன்றாம் வாரம் ஒன்று, பதினாறாம் வாரம் ஒன்று. இரண்டுக்குத்தான் முடியுமென்றால் பன்னிரண்டாம் வாரமும் பதினாறாம் வாரமும். பன்னிரண்டாம் வாரம் போகும்போதே வெறிநோய் ஊசியையும் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம், இரண்டே நடையில் வேலை முடிந்துவிடும். ஒன்றுக்குத்தான் வழி என்றால், பதினாறு வாரம் நிறைந்த பிறகு போடும் அந்த ஒன்றை விடாதீர்கள். ஒரே ஒரு முறைதான் போட முடியும் என்ற நிலையில் அந்தச் சர்வதேச சங்கம் சொல்வதும் இந்த வயதைத்தான். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் ஒரு டோஸ் போதாது, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இரண்டாவது வேண்டும். அதனால் என்னைக் கேட்டால் எப்படியாவது இரண்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்பேன்.

அதுவரை குட்டியைத் தோட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம். சந்தை, பேருந்து நிறுத்தம், குட்டி செத்த வீடு எதுவும் வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டுகூட வரும். அப்படிப்பட்ட இடத்துக்கு நீங்கள் போய் வந்திருந்தால் செருப்பை வெளியிலேயே கழற்றி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவிவிட்டுக் குட்டியிடம் போங்கள். இதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. பார்வோ வந்து குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினால் ஆகும் செலவு தடுப்பூசியைப் போலப் பல மடங்கு.

தாய் நாய்க்குச் செலவு குறைவு. வளர்ந்த நாய் என்பதால் டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி மூன்றுக்கும் ஒரு டோஸே பிடித்துக்கொள்ளும். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் சில வாரத்தில் இரண்டாவது டோஸ். சினையாக இருந்தால் கூட்டு ஊசியை ஈன்ற பிறகு போடலாம், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் வருட முடிவில் இரண்டுக்கும் ஒரு கூட்டு ஊசி. அதற்குப் பிறகு டிஸ்டெம்பர் வகையறாவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். எலிக்காய்ச்சலும் வெறிநோயும் வருடா வருடம் வேண்டும். இரண்டும் சேர்ந்த ஊசி சந்தையில் உண்டு. இடைப்பட்ட வருடங்களில் அதைக் கேட்டு வாங்கினால் முழுக் கூட்டு ஊசியின் விலையை மிச்சப்படுத்தலாம். எல்லாக் கடையிலும் இருக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. அவர் கையை நான் குறை சொல்லவில்லை. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. கடையில் மின்சாரம் போன நேரம், நீங்கள் வெயிலில் வண்டியில் வந்த நேரம் எல்லாம் சேர்ந்து மருந்து கெட்டிருந்தால், பார்த்தால் தெரியாது. கூட்டு ஊசியில் இரண்டு குப்பி வரும், ஒன்றில் வெள்ளையாக உறைந்த பொடி, இன்னொன்றில் திரவம். அந்தத் திரவத்தை உறிஞ்சிப் பொடியில் விட்டுக் கலக்கி உடனே போட வேண்டும். வெறும் தண்ணீர்தானே என்று சிலர் திரவத்தை ஊற்றிவிட்டு வேறு தண்ணீரில் கலக்குகிறார்கள். எலிக்காய்ச்சல் மருந்து பெரும்பாலும் அந்தத் திரவத்தில்தான் இருக்கிறது! ஒரு மில்லியை இரண்டு குட்டிக்குப் பிரித்துப் போடுவதும் உண்டு. தடுப்பூசிக்கு எடைக் கணக்கு கிடையாது, சின்னக் குட்டிக்கும் பெரிய நாய்க்கும் முழு டோஸ்தான்.

அதோடு, அபூர்வமாக ஊசி போட்ட சிறிது நேரத்தில் முகம் வீங்கி மூச்சுத் திணறும். மருத்துவர் பக்கத்தில் இருந்தால் மாற்று மருந்து போட்டுக் காப்பாற்றிவிடலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வாங்கி நேராக அரசு மருந்தகத்துக்குக் கொண்டுபோய் மருத்துவரையே போடச் சொல்லுங்கள். குப்பி மேலிருக்கும் ஸ்டிக்கரைக் கார்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஆடு வைத்திருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு நாய்க்கும் குடல் பூச்சி மருந்து கொடுங்கள். குட்டிக்கு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, பெரியதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் மருந்து சேர்ந்த மாத்திரையாகக் கேளுங்கள். நாயின் குடலிலிருக்கும் நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் புல் வழியாக ஆட்டுக்குப் போய், மூளையில் நீர்க்கட்டியாகும். அந்த ஆடு ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வரும். இன்னொரு வகைப் புழு ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க் கொப்புளமாக வளரும், அது மனிதரையும் விடாது. வீட்டில் ஆடு அறுத்தால் குடல், ஈரல், தலை எதையும் பச்சையாக நாய்க்குப் போட வேண்டாம். நன்றாக வேக வைத்துப் போடுங்கள், இல்லையேல் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

முடிந்தால் தாய்க்கு அரசு கால்நடை மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அடுத்த ஈற்றில் ஐந்தாறு குட்டி வந்தால் அத்தனைக்கும் இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

ஊசி போட்ட நாய்தானே என்று கடியை அலட்சியம் செய்யக் கூடாது. உங்கள் நாயே பிள்ளைகளைக் கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே ஊசி இலவசம், போகும் அன்றைக்கு ஒன்று, அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் ஒவ்வொன்று என்று போடுவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்கள். அது தீனி எடுத்து நல்லபடியாக இருக்கிறதா, நடை, குரல், குணம் மாறுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதி ஊசிகள் வேண்டுமா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.