வருடத்துக்கு 26 புத்தகம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

இணையத்தில் ஒரு வாசிப்புக் குழுவை மூன்று ஆண்டுகளாக நடத்துகிறேன். மாதம் ஒரு நூல், மாதக் கடைசியில் ஒரு கூட்டம். 214 பேர் இருக்கிறோம். எல்லோருடைய வாசிப்புப் பழக்கத்தையும் தெரிந்துகொள்ளலாம் என்று போன மாதம் பத்துக் கேள்விகள் அனுப்பினேன். 41 பேர் பதில் தந்தார்கள். கணக்குப் போட்டால் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாக 26 புத்தகம் வாசிக்கிறார். வாசிப்பு தங்கள் வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு 39 பேர் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறார்கள். ஆனால் கூட்டத்துக்கு வருவது பதினைந்து பேர், அதில் அந்த மாத நூலை முடித்திருப்பது ஏழோ எட்டோ. பொய் சொல்கிறார்களா? இல்லை, நான் தேர்ந்தெடுக்கும் நூல்கள்தான் சரியில்லையா? பெயர்களை நீக்கிவிட்டு, வந்த பதில்களை இணைத்திருக்கிறேன். என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். எண்களையும் மாற்றிவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றீர்கள், அதனால் உங்கள் குழுவினர் யாராவது இதைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதுவும் நல்லதுதான்.

முதலில் அந்த 26. தாளில் உள்ள எண்களை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்த்தேன். மூன்று பேர் 200, 150, 120 என்று எழுதியிருக்கிறார்கள். இந்த மூன்று பேரை ஒதுக்கிவிட்டால் மீதி 38 பேரின் சராசரி 16க்கு அருகில் இறங்கிவிடுகிறது. வரிசையின் சரிநடுவில், 21ஆவதாக நிற்கிறவர் சொல்வது 12. உங்கள் குழுவில் சாதாரண வாசகர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த 12ஐத்தான் சொல்ல வேண்டும், 26 என்பது அந்த மூன்று பேரின் நிழல்.

அதற்காக 200 என்று எழுதியவரைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். வாசிப்பு வேகம் பற்றி வந்த பல ஆய்வுகளை 2019இல் மார்க் பிரிஸ்பார்ட் என்ற உளவியலாளர் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் மௌனமாகக் கட்டுரை வாசிக்கும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 238 சொல் என்று வந்தது. 75,000 சொல் கொண்ட ஒரு நாவலுக்கு ஐந்தேகால் மணி நேரம். இருநூறு நாவலுக்கு ஆயிரத்து ஐம்பது மணி நேரம், அதாவது தினமும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக. (தமிழ்ச் சொற்கள் நீளமானவை, இந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது.) தொலைக்காட்சி முன்னால் மூன்று மணி நேரம் உட்காருகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது இது முடியாத காரியம் இல்லை.

எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். உங்கள் தாளில் 17 என்றோ 23 என்றோ ஒருவர்கூட எழுதவில்லை, கவனித்தீர்களா? 10, 12, 20, 24, 25, 50 இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. 12 என்றால் மாதம் ஒன்று, 24 என்றால் மாதம் இரண்டு, 50 என்றால் ஏறக்குறைய வாரம் ஒன்று. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, ‘மாதம் ஒன்றாவது படிப்பேன்ல’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். அதாவது நீங்கள் கேட்டது போன வருடத்தைப் பற்றி, அவர்கள் சொன்னது தங்களைப் பற்றித் தாங்கள் வைத்திருக்கும் அபிப்பிராயத்தை. இது பொய் இல்லை. வருடம் முழுக்க நடந்த ஒன்றை எண்ணச் சொன்னால் யாருமே இப்படித்தான் செய்வார்கள், நானும்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நேட்டர், வாக்ஸ்பெர்க் என்ற இருவர் 1964இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவைப் பற்றியது. குறிப்பிட்ட காலத்துக்குள் என்ன செலவு செய்தீர்கள் என்று கேட்டால், அதற்கு முன்னால் செய்த செலவையும் மக்கள் இழுத்து உள்ளே போட்டுவிடுகிறார்கள். நன்றாக நினைவில் நிற்கும் சம்பவம் அண்மையில் நடந்ததுபோலத் தோன்றும். புத்தகத்துக்கு இது இன்னும் பொருந்தும். உலுக்கிய நாவல் ‘போன வருடம்தானே’ என்று தோன்றும், எடுத்துப் பார்த்தால் முதல் பக்கத்தில் நான்கு வருடம் முந்தைய தேதி இருக்கும்.

சரி, இனி உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது. 41 பேரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மீதி 173 பேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை அதிபர் தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு கோடி வாக்கெடுப்பு அட்டைகளை அனுப்பியது, சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. இவ்வளவு பெரிய எண்ணிக்கை தப்பாகுமா என்ற நம்பிக்கையில் அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீதத்தோடு ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகளை வாகனப் பதிவுகளிலிருந்தும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் எடுத்தது ஒரு காரணம். சிரமப்பட்டு அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களில் ரூஸ்வெல்டைப் பிடிக்காதவர்களே அதிகம் இருந்தது அதைவிடப் பெரிய காரணம். வாசிப்பு பற்றிய கேள்வித்தாளுக்கு உட்கார்ந்து பத்துக் கேள்விக்கும் பதில் எழுதுகிறவர் யார்? வாசிக்கிறவர். மூன்று மாதமாகப் புத்தகத்தைத் தொடாதவர் உங்கள் செய்தியைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் குற்ற உணர்வோடு, மெதுவாக நகர்ந்து போய்விடுவார். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவரிடம்தான் இருக்கிறது. ஏன் குழுவை விட்டு விலகவும் இல்லை, வாசிக்கவும் இல்லை? எனக்கென்னவோ இப்படிப்பட்டவர்களுக்குக் குழு என்பது பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல, அந்தச் சத்தம் கேட்டால் போதும் என்று தோன்றுகிறது. ஊகம்தான். கேட்டுப் பாருங்கள். 173 பேரில் குலுக்கலாகப் பத்துப் பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள், ஒரே ஒரு கேள்வியோடு. குழுவில் மொத்தமாக இன்னொரு முறை அறிவிப்புப் போட்டால் அதே 41 பேர்தான் வருவார்கள்.

கேள்விகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ‘முக்கியமா’ என்ற கேள்வியைத் தூக்கிவிடுங்கள், வாசிப்புக் குழுவில் உட்கார்ந்துகொண்டு வாசிப்பு முக்கியமில்லை என்று யார் எழுதுவார்? ‘தினமும் நிதானமாக வாசிக்கிறீர்களா’ என்பது இரண்டு கேள்வி. தினமும் அவசரமாக வாசிக்கிறவர் எதைக் குறிப்பார்? அச்சு, கிண்டில், ஒலிநூல் மூன்றில் ஒன்றை மட்டும் குறிக்க வைத்திருக்கிறீர்கள், மூன்றையும் கலந்து பயன்படுத்துகிறவர்கள்தான் பெரும்பாலும்.

‘வழக்கமாக’ என்ற சொல்லே வேண்டாம். ‘நேற்று ஏதாவது புத்தகம் திறந்தீர்களா? எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நேற்றைக்கு யாருக்கும் பெருக்கல் தேவையில்லை. ஒரே வாரத்தில் மூன்று நாள் கேட்டால் வருடக் கணக்கைவிட நல்ல சித்திரம் கிடைக்கும்.

பக்க எண் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர், கிண்டிலில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட ஐந்து வரிகள் எந்தப் பக்கங்களில் இருக்கின்றன என்று விளையாட்டாகப் பார்த்தார். அந்த வருடம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்த, ஏறக்குறைய 700 பக்கமுள்ள ஒரு பொருளாதார நூலில் ஐந்தில் கடைசி வரி 26ஆம் பக்கத்தில் இருந்தது. இது அறிவியல் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் கூட்டத்துக்கு இதைவிட உதவும் கேள்வி இல்லை. பாதிப் பேர் அறுபதாம் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த அறுபது பக்கத்தைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தலாம். எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் தப்பு நூலிலோ தேர்விலோ, ஆளுக்கொரு இடத்தில் நின்றிருந்தால் நேரம் போதவில்லை. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைக்கும், என்னிடமிருந்து இல்லை.

பெயர் தெரியும்படி கேட்காதீர்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் பொதுவாக யார் எதைத் தொட்டார்கள் என்று பெயரோடு வரும், டெலிகிராமில் பெயர் மறைத்து நடத்த முடியும். அதையும் நம்பாதவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு, இதன் மூல யோசனை 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்தது, இது பின்னால் வந்த எளிய வடிவம். ‘முடிக்காத நூலை முடித்ததுபோலக் கூட்டத்தில் பேசியிருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தனியாக நாணயம் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும், பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்போது ‘ஆம்’ என்றவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. 40 பேரில் 32 பேர் ‘ஆம்’ என்றால், இருபது பேர் தலை விழுந்ததால் சொன்னவர்கள் என்று கழித்துவிட்டு, மீதி இருபதில் 12 பேர், அதாவது 60 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். சின்னக் குழுவில் இது தோராயம்தான், தலை 25 முறைகூட விழலாம். ஆனால் அடுத்த கூட்டம் கலகலப்பாக இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம்.

நானும் ஒரு குழுவில் இருக்கிறேன். போன மாதம் இதே மாதிரி வாக்கெடுப்பு வந்தது, ‘முடித்துவிட்டேன்’, ‘பாதி’, ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று மூன்று தேர்வு. ‘பாதி’யைத் தொட்டேன். 38ஆம் பக்கம் சார், நூல் 410 பக்கம்.