ஹாம் எனும் பொழுதுபோக்கு ரேடியோவின் கையடக்கக் கருவியை சாயங்காலம் ஏற்காட்டுக்கு எடுத்துப் போனால் தூரமாகப் பேச முடியுமா?

முடியும், உரிமம் இருந்தால். சேலத்தில் மொட்டை மாடியில் நின்று 5 வாட்டில் பேசினால் ஊரைத் தாண்டுவதே பெரும்பாடு. காரணம், இந்தக் கருவி அனுப்பும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். குறுக்கே மலை வந்தால் போச்சு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500. சமவெளிக்கு மேல் 1200 மீட்டர் என்றால், கணக்குப்படி ரேடியோ தொடுவானம், அதாவது அலை எட்டும் எல்லை, 140 கிலோமீட்டர்! ஆனால் ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டில் சேலம் பக்கம்தான் திறப்பு. முதுகுப் பக்கத்தை மலையே மறைத்துவிடும்.

கூடவே வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அரை மீட்டர் நீளக் கம்பி ஆன்டெனா போடுங்கள். வாட்டைக் கூட்டுவதைவிட இதுதான் பலன் தரும். பையைக் கீழே வைக்காதீர்கள். என்னுடையதைக் குரங்கு திறந்து, பிஸ்கட்டோடு இயர்போனையும் கொண்டுபோனது. அப்புறம், இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். பனி மூடுமுன் கிளம்பிவிடுங்கள்.