ஹாம் ரேடியோவில் டிட், டா என்று அடிக்கிற மோர்ஸ் மெதுவாகத்தான் வருகிறது, போட்டியில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். "நிமிடத்துக்கு 20 வார்த்தை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் ஒரு சீனியர் ஹாம் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்) அப்படித்தான் சொன்னார், இன்னும் மனசில் உறுத்துகிறது. ஹாம் உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வுக்கே நிமிடத்துக்கு 8 வார்த்தைதானே கேட்கிறார்கள்?

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். தோப்பில் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய வயர்தான் ஆன்டெனா. சி.டபிள்யூ.ஆப்ஸ் என்ற மோர்ஸ் கிளப் புதன்கிழமை நடத்தும் ஒரு மணி நேரப் போட்டி நமக்கு மாலை 6:30க்கு ஆரம்பிக்கும். தொடர்பு கிடைக்கிற ஒவ்வொருவரிடமும் பெயரும் உறுப்பினர் எண்ணும் சொல்ல வேண்டும், உறுப்பினர் இல்லையென்றால் பெயரும் நாடும். ஒரு புதன்கிழமை 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பாக்காரர்கள் 30 வார்த்தையில் பறந்துகொண்டிருந்தார்கள். ஓர் இத்தாலிக்காரரின் கால்சைன் (நிலையத்தின் அடையாளப் பெயர்) முழுசாகப் பிடிபடும்வரை கேட்டு எழுதிக்கொண்டு, என் வேகத்தில் கூப்பிட்டேன். அவரிடமிருந்து 'டிட் டிட் டிட் டா, டிட் டிட் டா', பின்னாலேயே கேள்விக்குறி. என் கால்சைனின் தொடக்கமான வி.யூ. மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதையும் என் வேகத்திலேயே அடித்தார்! அத்தனை பேர் காத்திருக்க, என் பெயரை வாங்கி, தன் பெயரை இரண்டு தடவை கொடுத்து, 'டிட் டிட்' என்று விடைகொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்குப் பழைய வேகத்துக்குப் போனார். அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

மெதுவான ஆட்களால் போட்டி கெடுகிறது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகமான ஆள் இறங்கி வந்தால்தான் நாளைக்கு அவருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும். கம்ப்யூட்டரே படித்துச் சொல்லுமே என்பவர்களோடும் எனக்கு வழக்கில்லை. காதால் பிடிக்கிற சுகம் வேறு.

வயர் கட்ட மரம் இருக்கிறவரைக்கும்தான் இதெல்லாம். பக்கத்துத் தோப்பில் பெங்களூரா மாமரங்களை வெட்டிவிட்டார்கள். கூழ் ஆலைக்காரர்கள் கொடுக்கிற விலை பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்றால் விவசாயி என்ன செய்வான்? இதைக் கேட்க நாதியில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 20 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது என்றே விதி வைத்த எஸ்.எஸ்.டி. என்ற போட்டியும் இருக்கிறது, திங்கள் காலை 5:30க்கு. அமெரிக்கக் கிளப் நடத்துவது, அங்கிருந்து சிக்னல் வருகிற நாளில் பாருங்கள். இல்லையென்றால் வரும் புதன் மாலை 14.028இலிருந்து 14.045 வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒருவருடைய கால்சைன் தெளிவாகப் பிடிபட்டதும் உங்களுடையதை ஒரே ஒரு தடவை, உங்களுக்கு வருகிற வேகத்தில் அடியுங்கள்.