மேல் காந்தாரத்தில் குரல் கத்தலாவது ஏன்?

கேள்வி: மேலூர் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் (கதாநாயகன் வேடம்) கட்டுகிறேன். தனியாகப் பாடினால் ஒன்றரைக் கட்டைச் சுருதி சுகமாக இருக்கிறது. மேல் ஸ்தாயி ரிஷபம் வரை தொல்லையில்லை. காந்தாரம், மத்திமம் என்று ஏறினால் கழுத்து நரம்பு புடைக்கிறது, கத்தலாக வருகிறது, இல்லாவிட்டால் பிசிறி உடைகிறது. ஸ்திரீபார்ட்டுக்காக (பெண் வேடக்காரருக்காக) ஆர்மோனியத்தை மூன்று கட்டையில் வைத்தால் மேல் சட்ஜத்துக்கே திண்டாட்டம். ‘தம் கட்டிப் பாடு’ என்கிறார்கள் சிலர். ‘தொண்டைக்குள் ஒலிக்கவிட்டுப் பாடு’ என்கிறார் பின்பாட்டுக்காரர். எது சரி, எப்படிச் செய்வது?

பதில்: பின்பாட்டுக்காரர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. தம் கட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் சிக்கலுக்கு மூச்சு போதாதது காரணமல்ல, கூடிப்போனதுதான் காரணம்.

நீங்கள் எழுதியதிலேயே துப்பு இருக்கிறது. ஒன்றரைக் கட்டையில் மேல் ரிஷபம் சுமார் 311 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 311 அதிர்வு), அந்தர காந்தாரம் 349, சுத்த மத்திமம் 370. மூன்று கட்டையில் மேல் சட்ஜம் 330. ஆக, எந்தச் சுருதியில் பாடினாலும் உங்கள் குரல் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: 330-ஐ ஒட்டித் தொடங்கி 350, 370 வரை. ஆண் குரல் பெரும்பாலானவற்றுக்கு 290-லிருந்து 370-க்குள் எங்கேயோ இப்படி ஒரு வாசல்படி உண்டு. அதைத் தாண்டும் வழி தெரிந்தவர்களைத்தான் ‘நல்ல சாரீரம்’ என்கிறோம்.

அங்கே நடப்பது இதுதான். நாதசுரத்தில் சீவாளி வெறும் அதிர்வைத்தான் கொடுக்கிறது. அதை நாதமாக்குவது உலவு என்னும் மரக்குழல். நமக்குக் குரல் நாண்கள் சீவாளி, அதற்கு மேலே உதடு வரை போகும் தொண்டையும் வாயும் உலவு. ஆண்களுக்கு இந்தக் குழாய் சுமார் 17 சென்டிமீட்டர். ‘ஆ’ என்று திறந்தால் அது 700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வலுவாக ஒத்ததிரும்; ‘ஓ’, ‘ஏ’ என்றால் 450, 500 பக்கத்தில்; ‘ஈ’, ‘ஊ’ என்றால் 300-ஐ ஒட்டி.

நீங்கள் ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது அந்த அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல் ஒலிகளும் சேர்ந்தே பிறக்கின்றன. 349-இல் ‘ஆ’ பாடினால் இரண்டாம் மடங்கு 698. ‘ஆ’வின் ஒத்ததிர்வு மேலேயே அது உட்கார்ந்துவிடுகிறது; குரல் அங்கே தானாகவே பெரிதாகக் கேட்கும். இன்னும் ஒரு சுரம் ஏறினால் இரண்டாம் மடங்கு அந்த இடத்தைத் தாண்டிப் போயாக வேண்டும். உடம்புக்கு அது பிடிப்பதில்லை. கிடைத்த சத்தத்தை விடக்கூடாதென்று குரல்வளையை மேலே தூக்கும், வாயைப் பக்கவாட்டில் இழுக்கும். குழாய் குட்டையாகும், ஒத்ததிர்வும் கூடவே ஏறும். கூவி அழைக்கும்போது எல்லோரும் செய்வது இதையேதான். மேலே ஏறிய குரல்வளையில் நாண்கள் இறுகுகின்றன. இறுகியதைத் திறக்க மூச்சை ஓங்குகிறீர்கள். ஓங்கியதைத் தடுக்க அவை மேலும் இறுகுகின்றன. ஒரு கட்டத்தில் பிடி விட்டுப் பிசிறு தட்டுகிறது.

ஆகவே வேலை இரண்டு. குழாயின் நீளத்தை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ‘ஆ’வைக் கொஞ்சம் ‘ஓ’ பக்கம் நகர்த்தி அந்த இரண்டாம் மடங்கைப் போகவிட வேண்டும்.

முதலில் கையால் பாருங்கள். கழுத்தின் முன்னே துருத்திக்கொண்டிருக்கும் குரல்வளை மேட்டில் ஆள்காட்டி விரலை லேசாக வையுங்கள். எச்சில் விழுங்கினால் அது மேலே ஓடும்; கொட்டாவியின் தொடக்கத்தில் கீழே இறங்கும். இப்போது சட்ஜத்திலிருந்து ஒவ்வொரு சுரமாக ‘ஆ’காரத்தில் ஏறுங்கள். சிறிதளவு உயர்வது இயல்பு. எந்தச் சுரத்தில் அது தாடையை நோக்கித் தாவுகிறதோ, அதற்கு ஒரு சுரம் முன்னாலேயே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். உங்களுக்கு அது ரிஷபமாகத்தான் இருக்கும்.

பயிற்சியை உறிஞ்சுகுழலில் தொடங்குங்கள். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்கு 2019-லிருந்து தடை. காகிதக் குழலோ எவர்சில்வர் குழலோ போதும். டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, குழல் முனையை இரண்டு சென்டிமீட்டர் மூழ்க வையுங்கள். உதட்டால் இறுக்கிப் பிடித்து ‘ஊ’ என்று ஒலித்தபடி மந்தர பஞ்சமத்திலிருந்து மேல் மத்திமம் வரை வழுக்கி ஏறி இறங்குங்கள். குமிழிகள் சீராக வர வேண்டும். மேலே போகும்போது தண்ணீர் கொந்தளித்தால் மூச்சை ஓங்குகிறீர்கள். குமிழி நின்றால் தொண்டையை அடைக்கிறீர்கள். குழலுக்குள் தேங்கும் காற்றழுத்தம் மேலிருந்து திருப்பித் தள்ளுவதால், நாண்கள் ஒன்றோடொன்று அறைந்துகொள்ளாமல் அதிரும். மூன்று நிமிடம் போதும். மேல் காந்தாரத்தைக் கழுத்து இறுகாமல் தொடும் அனுபவம் பலருக்கு முதலில் கிடைப்பது இந்த டம்ளரில்தான்.

அடுத்து உயிரெழுத்துகள். நேரே ‘ஆ’காரத்துக்குப் போகாதீர்கள். ‘ஓ’, ‘ஏ’ இரண்டுக்கும் ஒத்ததிர்வு தாழ்வாக இருப்பதால், 250 ஹெர்ட்ஸ் தாண்டும்போதே இரண்டாம் மடங்கு அவற்றைக் கடந்துவிடுகிறது. வாசல்படியில் சண்டை இல்லை. மேல் ஸ்தாயி வரிசையை முதல் பத்து நாள் ‘ஓ’காரத்தில் மட்டும் பாடுங்கள். பிறகு ச, ரி வரை ‘ஆ’, காந்தாரத்தில் உதட்டைச் சற்றே குவித்து ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் நடுவில் ஒரு ஒலி, இறங்கும்போது மறுபடி ‘ஆ’. தாடை நேராகக் கீழே இறங்கட்டும். வாய் ஓரங்கள் பின்னால் இழுபடக் கூடாது. மேடையில் இதை வைத்தே பாட்டைப் பிரித்துக்கொள்ளலாம். ‘வேலா’ என்று மேலே நிற்க வேண்டுமானால் ‘வே’யில் நீட்டி நின்றுவிட்டு ‘லா’வை இறங்கும்போது கொடுங்கள். ‘முருகா’ என்றால் தப்பிக்க வழியில்லை, ‘கா’வைக் குவித்தே ஆக வேண்டும். எழுத்து கெட்டுவிடுமே என்று கவலைப்படுவீர்கள். உச்சத்தில் அந்த வித்தியாசம் கேட்பவர் காதில் விழாது. கீழே வந்தபின் குவித்தே பாடினால்தான் விழும்.

இப்படிப் பாடும்போது உங்கள் காதுக்குக் குரல் சிறுத்ததுபோல் இருக்கும். பெரும்பாலோர் பயந்து பழைய கத்தலுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். செல்போனை மூன்று மீட்டர் தள்ளி வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். கள்ளக்குரலோ (வலுவில்லாத போலி மேல்குரலோ) என்ற சந்தேகம் வந்தால் அதற்கும் சோதனை உண்டு: அதே சுரத்தில் மெல்லத் தொடங்கி உரக்கக் கொண்டுபோய் மறுபடி மெல்ல இறக்குங்கள். நடுவில் ஒடியாமல் வந்தால் அது உங்கள் குரலேதான். காற்றோட்டமாகவே இருந்து உரக்க ஏறமாட்டேன் என்றால் கள்ளக்குரல்.

இனி கணீர். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பால சபை (சிறுவர் நாடகக் குழு) தொடங்கிய நாளில் மைக் கிடையாது. ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மீறிக் கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் குரல் போயாக வேண்டும். பயின்ற ஆண் குரலில் 3000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் எழும் ஒரு கூர்மை அதற்குக் கைகொடுக்கும். காது அந்தப் பகுதியைத்தான் மிக எளிதாகப் பிடிக்கிறது. வாத்தியங்களின் பலமோ அதற்குக் கீழே நின்றுவிடுகிறது. நாண்களுக்கு நேர் மேலே உள்ள சிறு வாய் குறுகி, அதற்கு மேல் தொண்டை அகன்றிருந்தால் இந்தக் கூர்மை பிறக்கும். அகன்ற இடத்தின் குறுக்குப் பரப்பு குறுகிய இடத்தினதைப் போல் ஆறு மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஒலியியல் கணக்கு. பின்பாட்டுக்காரர் ‘தொண்டைக்குள்’ என்றாரே, அது இந்த இடம்.

அதைப் பிடிக்க ‘ங்’ உதவும். மத்திய சட்ஜத்தில், வாயைத் திறந்து ‘ங்ங்ங்’ என்று சிணுங்கலாக நில்லுங்கள். குரலில் ஒரு ரீங்காரம் தெரியும். அது குறையாமல் ‘ங்ஆ’ என்று நாக்கை மட்டும் விடுங்கள். இப்போது மூக்கைப் பிடியுங்கள். ‘ஆ’வின் ஒலி மாறக் கூடாது, மாறினால் மூக்கால் பாடுகிறீர்கள், மேல்வாயின் பின்பக்கச் சதையான மெல்லண்ணம் உயரவில்லை. இது கீழே சரியான பிறகு அரைச் சுரம் அரைச் சுரமாக ஏற்றுங்கள். மேலே சத்தம் போதவில்லை என்று தோன்றினால் மூச்சைக் கூட்டாமல் இந்த ரீங்காரத்தைக் கூட்டுங்கள்.

குரல்வளை ஏறக்கூடாது என்றதும் அதைக் கீழே அமுக்கிப் பிடிக்கிறவர்கள் உண்டு. இதுவும் தப்பு. நாக்கின் அடி குரல்வளை மேல் அழுந்தி, கனமாக, சுருதிக்குச் சற்றுக் கீழேயே குரல் நிற்கும். தாடைக்கு அடியில் கட்டைவிரலை வைத்துப் பாருங்கள். உச்ச சுரத்திலும் அந்தச் சதை மெத்தென்று இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் நாக்கு நுனியைக் கீழ்ப் பல்லில் தொட்டு வைத்துப் பாடுங்கள். முகவாயை வானத்தைப் பார்த்துத் தூக்கும் பழக்கமும் வேண்டாம். ராஜபார்ட் கிரீடம் பின்னால் இழுத்தால் வேறு மாதிரி கட்டச் சொல்லுங்கள்.

மொத்தம் 15 நிமிடம், தினமும். விடிய விடிய நாடகம் முடித்த காலையில் சாதகம் வேண்டாம், உறிஞ்சுகுழல் மட்டும் ஐந்து நிமிடம்.

மூன்று கட்டைப் பிரச்சினைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் ஒன்றரைக் கட்டையின் மத்திமம் நாலரைக் கட்டை. ஸ்திரீபார்ட் நாலரையில் சட்ஜம் வைத்துப் பாட, நீங்கள் ஒன்றரையிலேயே நிற்கலாம். ஆர்மோனியம் அந்த இரண்டு கட்டைகளையும் பிடித்தாலே இருவருக்கும் சுருதி சேரும். தர்க்கப் பாட்டில் ஆளுக்கொரு அடி மாற்றிப் பாடும்போது இது சுலபம், சேர்ந்து பாடும் இடத்துக்குத்தான் ஒத்திகை வேண்டும்.

புனல் ஸ்பீக்கர் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும் மேடையில் தன் குரல் தனக்கே கேட்காது. கேட்காவிட்டால் யாரும் கத்தத்தான் செய்வார்கள். ஒரு ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள், அல்லது ஒரு காதை விரலால் மூடிக்கொள்ளுங்கள்.

பனங்கற்கண்டும் மிளகும் இதமாக இருக்கும், அவ்வளவுதான். விழுங்குவது எதுவும் நாண்களைத் தொடாது. உணவுக்குழல் வழியே போய்விடும். நீராவி தொடும். நாடகம் முடிந்து பரோட்டா சால்னா சாப்பிட்ட கையோடு படுப்பது பெரிய கெடுதல்: இரைப்பை அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்பக்கத்தை அரிக்கும். இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்து போனால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். நாணுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம், ஆஸ்பிரின் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ வேறு நிபுணரிடமோ கருவி விட்டு நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நாணில் முடிச்சு இருந்தால் அதற்குச் சிகிச்சை முதலில், மேல் காந்தாரம் அப்புறம்.